பேசாத படத்துக்கு இன்னும் ஏன் சிரிக்கிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை வெள்ளைப் போர்வையைக் கட்டிப் படம் போடுகிறோம். பெரும்பாலும் 1914-க்கும் 1936-க்கும் இடையில் வந்த அமெரிக்க மௌனச் சிரிப்புப் படங்கள். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் சினிமா ஆராய்ச்சியாளன் இல்லை. பல வருஷமாக இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

நூறு வருஷப் பழைய படம், பேச்சும் கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்களா?

முதல் மூன்று நிமிடம் பார்க்க மாட்டார்கள். "அங்கிள், சவுண்டு வரல" என்று நாலைந்து குரல் எழும். அதைத் தாண்டிவிட்டால் பிறகு கவலை இல்லை.

நான் எப்போதும் முதலில் போடுவது பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்'. 1920-இல் வந்தது, இரண்டு ரீல், அரை மணிக்கும் குறைவு. புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு (மாப்பிள்ளை கீட்டனேதான்) ஒரு வீடு பரிசாகக் கிடைக்கிறது. கட்டி முடித்த வீடு இல்லை. பலகைகளாகப் பெட்டிகளில் வரும், எண் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்காவில் நிஜமாகவே இப்படி வீடுகளை விற்றார்கள். பெண்ணைக் கட்ட முடியாமல் போன ஒருவன் வயிற்றெரிச்சலில் பெட்டி எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். எழும்புகிற வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. மாடியில் ஒரு கதவு அந்தரத்தில் திறக்கிறது. புயல் அடிக்கிறது, வீடே ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. எல்லாம் ஓய்ந்தபிறகு ஒருவர் வந்து, "நீங்கள் கட்டியது தப்பான மனையில்" என்கிறார். சரியான மனை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். வீட்டை இழுத்துக்கொண்டு போகிறார்கள். தண்டவாளத்தின் நடுவில் வீடு மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சுவிடுகிற அந்த நொடியில், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள்தூளாக்கிவிட்டுப் போகிறது.

எங்கள் மாடியில் ஒரு ஆறு வயதுப் பெண் இதை நான்கு தடவை பார்த்திருக்கிறாள். நான்கு தடவையும் "இல்ல இல்ல, இன்னொண்ணு வருது!" என்று கீட்டனை எச்சரித்திருக்கிறாள். முடிவு தெரிந்தும் பதறுகிறாளே, அதைத்தான் நான் வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கீழே உள்ள பதில்களில் பாதி அதற்கான பதில்தான்.

இது வெறும் விழுந்து எழுகிற காமெடிதானே?

விழுவது நிறைய உண்டு. ஆனால் யார் வேண்டுமானாலும் விழலாம். எப்படி விழாமல் இருக்கப் பார்க்கிறான் என்பதில்தான் சிரிப்பு.

சாப்ளினின் 'தி பான்ஷாப்' என்ற 1916-ஆம் வருஷக் குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். அடகுக் கடை. ஒருவர் அலாரம் கடிகாரத்தை அடகு வைக்க வருகிறார். சாப்ளின் அதை வாங்கி, டாக்டர் மாதிரி ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சுத் துடிப்புப் பார்க்கிறார். விரலால் தட்டிப் பார்க்கிறார். அப்புறம் டப்பா திறக்கிற கருவியை எடுத்து, மீன் டப்பாவைப் போல மூடியை அறுத்து முகர்ந்து பார்க்கிறார். உள்ளே இருப்பதையெல்லாம் உருவி மேசைமேல் கொட்டுகிறார். கடைசியில் எல்லாவற்றையும் வாரி அந்த ஆளின் தொப்பிக்குள் போட்டு, உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுகிறார்: இது தேறாது. இதில் யாரும் விழவில்லை. ஒரு கடிகாரம் நோயாளியாகிறது, மீன் டப்பாவாகிறது, குப்பையாகிறது. ஐந்து வயதுப் பிள்ளை தீப்பெட்டியைப் பஸ் ஆக்கி ஓட்டுமே, அதே வேலை. ஆனால் சாப்ளின் முகத்தில் விளையாட்டே இல்லை. முழு மனசோடு, பொறுப்பான தொழிலாளியாக அதைச் செய்கிறார்.

இந்த முகபாவம் முக்கியம். இன்றைய காமெடியில் பாதி, "நான் ஜோக் சொல்லிவிட்டேன், சிரி" என்று நம்மைப் பார்க்கிறது. பின்னணி இசையும் சேர்ந்து விலாவில் இடிக்கிறது. இந்தப் படங்களின் நல்ல நடிகர்களுக்குத் தாங்கள் சிரிப்புப் படத்தில் இருப்பதே தெரியாத மாதிரி இருக்கும். அவர்களுக்கு இருப்பது ஒரு வேலை: வீட்டை நகர்த்த வேண்டும், ரயிலைப் பிடிக்க வேண்டும், பசிக்குச் சாப்பிட வேண்டும்.

பசி என்றதும் 1925-இல் வந்த 'தி கோல்ட் ரஷ்'. தங்கம் தேடிப் போனவர்கள் பனியில் மாட்டிக்கொண்டு, சாப்ளின் தன் ஷூவையே வேகவைத்துத் தின்கிற காட்சி உலகத்துக்கே தெரியும். அந்த ஷூ அதிமதுர மிட்டாயில் செய்தது. அவர் லேஸை முள்கரண்டியில் சுற்றி உறிஞ்சுவதும், ஆணியைக் கோழி எலும்பு மாதிரி சப்பிவிட்டு வைப்பதும் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் லண்டனில் ஏழு வயதில் ஏழைகள் விடுதியில் விடப்பட்ட பையன் அவர். தாய் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர். அவருக்குப் பசி கற்பனைச் சரக்கு இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் பசி தெரிந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்த ஸ்டண்ட் எல்லாம் நிஜமா, ட்ரிக்கா?

இரண்டும் உண்டு. ஆனால் நிஜம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928. சூறாவளி. ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. மேலே திறந்திருந்த ஒரு ஜன்னல் சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து இறங்குவதால் ஒன்றும் ஆகாமல் நிற்கிறார். சுவர் கனமான நிஜச் சுவர். காற்றில் ஆடாமல் நேராக விழ வேண்டும் என்பதற்காகவே கனமாகச் செய்தார்கள். தலைக்கும் தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவில் சில அங்குல இடைவெளிதான். ஓரடி தள்ளி நின்றிருந்தால் கதை முடிந்தது. அதைக் கேமரா தூர நின்று, வெட்டாமல், ஒரே ஷாட்டில் காட்டுகிறது. இதே வித்தையை அவர் எட்டு வருஷத்துக்கு முன்னால் 'ஒன் வீக்'கிலேயே சின்ன அளவில் செய்து பார்த்துவிட்டார் என்பது கொசுறுச் செய்தி.

1924-இல் 'ஷெர்லாக் ஜூனியர்' எடுத்தபோது, ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் அடித்தது. தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். வருஷங்கள் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான், "உங்கள் கழுத்தெலும்பு எப்போது முறிந்தது?" என்று கேட்டாராம்.

ட்ரிக்குக்கு உதாரணம், அதே காலத்து இன்னொரு சிரிப்பு நடிகர் ஹெரால்ட் லாயிட் உயரமான கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் காட்சி ('சேஃப்டி லாஸ்ட்', 1923). லாஸ் ஏஞ்சல்ஸில் உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில், விளிம்புக்கு அருகே ஒரு போலிச் சுவரைக் கட்டி, கீழே தெரு தெரிகிற கோணத்தில் கேமராவை வைத்தார்கள். கொஞ்சம் கீழே மெத்தை போட்ட ஒரு மேடை இருந்தது, நமக்குத் தெரியாது. தூரக் காட்சிகளில் ஏறுகிறவர் வேறு ஆள். ஆக, ஏமாற்றுதான். ஆனால் அந்தத் தெருவும் நிஜம், வெயிலும் நிஜம், கீழே நகரும் டிராம்களும் நிஜம். இன்னொன்று: 1919-இல் போட்டோவுக்குப் பிடித்த போலிக் குண்டு நிஜக் குண்டாக வெடித்ததில் லாயிடுக்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. கையுறைக்குள் போலி விரல்களை வைத்துக்கொண்டுதான் அந்தக் கடிகாரத்தில் தொங்கினார். இதைப் படம் முடிந்தபிறகு சொல்வேன். பெரியவர்கள் உடனே "இன்னொரு தடவை போடு" என்பார்கள்.

முன்னே சொன்ன ஆறு வயதுக்காரிக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. சுவர் விழும்போது நம் தோள் தானாகக் குறுகுகிறது. கதை தெரியும், முடிவு தெரியும், ஆனால் உடம்பு அதைக் கேட்பதில்லை. கனமான பொருள் கண்முன்னால் விழுந்தால் உடம்புக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் முறைதான். கம்ப்யூட்டரில் வரைந்த கட்டடம் எத்தனை சரிந்தாலும் எனக்கு அப்படித் தோள் குறுகுவதில்லை. இது என் தலைமுறைக் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளிடமும் பார்த்துவிட்டேன்.

ஏன் எல்லாரும் தடதடவென்று ஓடுகிறார்கள்?

அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18, 20 பிரேம் என்று சுற்றுகிறவர் கைக்கேற்ப மாறும். பேசும் படம் வந்தபிறகு நொடிக்கு 24 என்று நிலையானது. பழைய படத்தை அப்படியே 24-இல் ஓட்டினால் எல்லாரும் கட்டெறும்பு கடித்த மாதிரி ஓடுவார்கள். நாம் சின்ன வயதில் டிவியில் பார்த்தது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சுற்றினார்கள், திரையில் வேகமாகத் தெரிவதற்காக. நல்ல பிரதியில் நடக்கிற காட்சி நடையாகவும் ஓடுகிற காட்சி ஓட்டமாகவும் இருக்கும். எல்லாமே ஒரே தடதடப்பாக இருந்தால் மட்டமான பிரதி, மாற்றிவிடுங்கள்.

மௌனப்படம் ஓடும் அரங்கில் சத்தமே இருக்காதா?

இருக்கும், காது கிழிய. சின்ன அரங்கில் ஒரு பியானோ, பெரிய அரங்கில் ஆர்கனோ முழு வாத்தியக் குழுவோ வாசிக்கும். ஜப்பானில் 'பென்ஷி' என்று ஒரு கலைஞர் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். படத்தைவிட அவர் பெயருக்காகக் கூட்டம் வரும். நம் ஊரிலும் படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்கிறவர்கள் இருந்தார்கள்.

எங்கள் மாடியில் அந்த வேலையை ஒரு தாத்தா தானாகவே எடுத்துக்கொண்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது நிறுத்தவும் முடியவில்லை.

இதையெல்லாம் யார் தொடங்கிவைத்தார்கள்?

1895 டிசம்பர் 28 அன்று பாரீஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டியபோதே அதில் ஒரு காமெடி இருந்தது. தோட்டக்காரர் குழாயில் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றதும் தோட்டக்காரர் குழாயின் வாயை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம். இன்றும் போட்டால் சிரிப்பார்கள், போட்டுப் பார்த்துவிட்டேன்.

பிறகு பிரான்சில் மாக்ஸ் லிண்டர், பட்டுத் தொப்பியும் கோட்டும் போட்ட மைனர். சாப்ளின் இவரைத் தன் ஆசான் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று இவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அநியாயம்.

1912-இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் ஸ்டூடியோவில்தான் கோமாளிப் போலீஸ் பட்டாளம், துரத்தல், அடிதடி எல்லாம். 1914-இல் லண்டன் நாடகக் குழுவிலிருந்து வந்த சாப்ளின் அங்கே ஒரே வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் நடித்தார். பெரிய ஷூவும் பிரம்பும் தொப்பியுமாக அவர் மக்கள் கண்ணில் முதலில் பட்ட படம், 1914 பிப்ரவரியில் வந்த 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்'. கலிபோர்னியாவில் நிஜமாக நடந்த பிள்ளைகள் கார் பந்தயத்தைப் படமெடுக்கிறார்கள். ஒரு ஆள் திரும்பத் திரும்பக் கேமரா முன்னால் வந்து நிற்கிறான், தள்ளிவிட்டால் மறுபடி வருகிறான். அவ்வளவுதான் படம். டிவி நிருபர் பின்னால் நின்று கையாட்டுகிற நம்மாள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

சாப்ளினா, கீட்டனா?

இந்தக் கேள்விக்கு நடுநிலை வகிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. நான் கீட்டன் கட்சி.

சாப்ளின் நம் மனசுக்குள் வர விரும்புகிறார், வந்துவிடுகிறார். 'சிட்டி லைட்ஸ்' (1931) கடைசிக் காட்சியை யாராலும் தாங்க முடியாது. அந்தப் படத்தில் இன்னொரு அதிசயமும் உண்டு. கண் தெரியாத பூக்காரப் பெண், சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பணக்காரன் என்று நம்ப வேண்டும். பேச்சில்லாத படத்தில் இதை எப்படிக் காட்டுவது? சாப்ளின் இந்த ஒரு காட்சியில் மாட்டிக்கொண்டு தவித்தார். 342 டேக் என்று கணக்குச் சொல்கிறார்கள். கடைசியில் கிடைத்த விடை, கார்க் கதவு. போலீசைத் தவிர்க்க நின்றுகொண்டிருக்கும் ஒரு காருக்குள் புகுந்து மறுபக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்குகிறார். சத்தம் கேட்ட பெண், காரில் வந்தவர் என்று நினைத்துப் பூ நீட்டுகிறாள். கதையின் முடிச்சு முழுக்க ஒரு சத்தத்தில் இருக்கிறது. அந்தச் சத்தம் நமக்குக் கேட்கவில்லை, ஆனால் அது நடந்தது நமக்குத் தெரிகிறது.

சரி, இத்தனைக்குப் பிறகும் ஏன் கீட்டன்? அவர் எதையும் கேட்பதில்லை. அன்பும் வேண்டாம், அனுதாபமும் வேண்டாம். 'தி ஜெனரல்' (1926) படத்தில் காதலி கைவிட்ட துக்கத்தில், நின்றுகொண்டிருக்கும் ரயில் இன்ஜினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறார். யோசனையில் இருக்கிறார். இன்ஜின் மெல்லக் கிளம்புகிறது. தண்டு அவரை மேலே தூக்குகிறது, கீழே இறக்குகிறது, மேலே தூக்குகிறது. அவர் கவனிக்கவே இல்லை. இருட்டுக் கொட்டகைக்குள் போகும்போதுதான் திடுக்கிடுகிறார். சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார். துக்கத்தைப் பற்றி நான் பார்த்ததிலேயே சிக்கனமான காட்சி அது. உலகம் நம்மைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, நமக்கு அது தெரிவதுகூட இல்லை.

அதே படத்தில் எரியும் பாலத்தோடு ஒரு நிஜ இன்ஜினையே ஆற்றுக்குள் தள்ளினார். ஆரிகன் மாநிலத்தில், ஒரே டேக்கில். படம் வந்தபோது வசூலும் இல்லை, பாராட்டும் இல்லை. இன்றைக்கு உலகின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இருக்கிறது.

கீட்டன் ஏன் சிரிக்கவே மாட்டார்?

மூன்று வயதிலிருந்தே அப்பா அம்மாவோடு மேடையேறியவர். அப்பா பையனை மேடையில் தூக்கி எறிவார். பிடித்து எறிய வசதியாகச் சட்டையின் முதுகில் சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்திருந்தார்கள். விழுந்த பையன் சிரித்தால் ஜனம் சிரிக்கவில்லை, முகத்தை உர்ரென்று வைத்தால் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது பிடித்த பாடம்.

லாரல் ஹார்டியும் இந்தக் கூட்டம்தானா?

ஆமாம். பேசும் படத்தில்தான் நமக்குப் பழக்கம், ஆனால் ஒல்லியும் குண்டுமாக அவர்கள் ஜோடி சேர்ந்தது 1927 வாக்கில், மௌனப் படத்தில். ஸ்டான் லாரல் இங்கிலாந்தில் சாப்ளின் இருந்த அதே நாடகக் குழுவில் இருந்தவர். இருவரும் 1910-இல் ஒரே கப்பலில் அமெரிக்கா போனார்கள்.

மற்றவர்கள் வேகத்தால் சிரிக்கவைத்தபோது இவர்கள் நிதானத்தால் சிரிக்கவைத்தார்கள். 'பிக் பிசினஸ்' (1929) பாருங்கள். கலிபோர்னியா வெயிலில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் வேண்டாம் என்று கதவைச் சாத்த, மரக்கிளை கதவில் மாட்டுகிறது. மணி அடித்துத் திறக்கச் சொல்கிறார்கள். மறுபடி மாட்டுகிறது. அவர் கத்தரியால் மரத்தை நறுக்குகிறார். இவர்கள் அவர் வீட்டு வாசலில் கொஞ்சம் சேதம் செய்கிறார்கள். அவர் இவர்கள் காரில் கொஞ்சம். ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதே இல்லை. தன் முறை வரும்வரை மரியாதையாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசியில் வீடும் காலி, காரும் காலி. தெருவே கூடி நிற்கிறது, போலீஸ்காரர் எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

வாய்க்கால் வரப்புத் தகராறு, காம்பவுண்டு சுவர் தகராறு, பார்க்கிங் தகராறு பார்த்த யாருக்கும் இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்புக் கூட்டத்துக்கு முன்னால் இதை ஒருமுறை போட்டேன். சிலர் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள்.

பெண்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள், பெயர்தான் அமுங்கிவிட்டது. மேபல் நார்மண்ட் கீஸ்டோனின் நட்சத்திரம். சாப்ளின் கத்துக்குட்டியாக வந்தபோது அவரை வைத்துப் படம் இயக்கியவர்களில் ஒருவர். 'ஒன் வீக்'கில் சிபில் சீலி கீட்டனுக்கு ஈடாக அடிபட்டு உருண்டு நடிக்கிறார். 'தி ஜெனரல்' கதாநாயகி மாரியன் மாக், எதிரிகள் துரத்திக்கொண்டு வரும்போது இன்ஜின் அறையைத் துடைப்பத்தால் பெருக்குகிறார். அடுப்புக்குக் கட்டை போடு என்றால் குச்சியைப் போடுகிறார். கீட்டன் கழுத்தை நெரிக்கப் போய், நெரித்த கையோடு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார். கல்யாணமானவர்கள் இந்த இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் நின்றுபோனது?

1927 அக்டோபரில் பேச்சும் பாட்டும் கேட்கிற 'தி ஜாஸ் சிங்கர்' வந்து ஓடியது. இரண்டு மூன்று வருஷத்தில் மௌனப் படம் காலி. ஆரம்பகால மைக்குக்குப் பயந்து கேமராவைச் சத்தம் வெளியே வராத பெட்டிக்குள் அடைத்தார்கள். தெருவில் ஓடிக்கொண்டிருந்த காமெடி, அறைக்குள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. அதோடு மொழியும் குறுக்கே வந்தது. அதற்கு முன் எழுத்து அட்டையை மாற்றி ஒட்டினால் போதும், எந்த நாட்டுக்கும் படம் போகும்.

கீட்டன் 1928-இல் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் சேர்ந்தார். சம்பளம் வந்தது, சுதந்திரம் போனது. தன் இஷ்டத்துக்கு யோசித்து, விழுந்து, திருத்தி எடுத்தவருக்கு, எழுதிக் கொடுத்ததை நடி என்றார்கள். குடி, விவாகரத்து என்று வீழ்ச்சி. லாயிட் படங்களின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருந்ததால் வசதியாக வாழ்ந்தார். சாப்ளின் ஒருவர்தான் பிடிவாதமாக நின்றார். 1936-இல், எல்லாரும் பேச ஆரம்பித்து ஒன்பது வருஷம் கழித்து, 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தார். அதில் மனிதக் குரல் வருவதெல்லாம் பெரும்பாலும் இயந்திரங்கள் வழியாகத்தான். கடைசியில் அவரே முதல்முறையாக வாய் திறக்கிறார், எந்த மொழியிலும் சேராத ஒரு பாட்டைப் பாட.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

மௌனப் படக் காலத்தில் சென்னையில் எடுத்தவற்றில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் வசனமே இல்லாத காமெடியை 1987-இல் சிங்கீதம் சீனிவாசராவ் கமல்ஹாசனை வைத்து எடுத்தார். இந்தியில் 'புஷ்பக்' என்றும் நம் ஊரில் 'பேசும் படம்' என்றும் வந்தது. அந்தத் தலைப்பை வைத்தவருக்கு ஒரு சலாம்.

இன்று பார்க்கும்போது உறுத்துகிற விஷயங்கள் உண்டா?

உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகள் கீட்டனின் 'செவன் சான்சஸ்', 'காலேஜ்' இரண்டிலும் வருகின்றன. என் கட்சித் தலைவர் என்பதற்காக அதை நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் படங்களைப் பெரிய பிள்ளைகளோடுதான் பார்க்கிறேன். அந்த இடம் வரும்போது நிறுத்திப் பேசுகிறேன். சிரிப்பு செத்துப்போகும், போகட்டும்.

எல்லாப் படங்களும் இன்று கிடைக்கின்றனவா?

இல்லை. அமெரிக்க மௌனக் காலத்து முழுநீளப் படங்களில் சுமார் 70 சதவீதம் அழிந்துவிட்டதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், மக்கிப்போகும். பழசுக்கு மதிப்பில்லை என்று ஸ்டூடியோக்களே அதிலிருந்த வெள்ளிக்காகக் கரைத்தன. சில அவ்வப்போது திரும்பியும் வரும். லாரல் ஹார்டியின் பிரபலமான கிரீம் பை எறியும் சண்டை ('தி பேட்டில் ஆஃப் த செஞ்சுரி', 1927) பல பத்தாண்டுகள் துண்டாக மட்டுமே இருந்தது; அந்த ரீல் 2015-இல் ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தது.

இணையத்தில் இருப்பவை பாதிக்கு மேல் மங்கலான பிரதிகள், சம்பந்தமில்லாத இசையோடு. இத்தாலியின் பொலோனியா நகரில் உள்ள திரைப்படக் காப்பகம் சாப்ளின், கீட்டன் படங்கள் பலவற்றை அருமையாகச் சீர்செய்திருக்கிறது. புதுப்பிக்கப்பட்ட பிரதி என்று போட்டிருந்தால் அதையே எடுங்கள். முகத்தில் கண் இமைப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாதி நடிப்பு போச்சு.

முதல் தடவை எதைப் போடலாம், எவ்வளவு நேரம் ஆகும்?

முதலில் 'ஒன் வீக்', அப்புறம் 'தி பான்ஷாப்' அல்லது 'பிக் பிசினஸ்'. இரண்டும் சேர்த்து ஒரு மணிக்குள் முடியும், அதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த தடவைக்கு 'ஷெர்லாக் ஜூனியர்', முக்கால் மணி நேரம். அதில் கீட்டன் சினிமா ஆப்பரேட்டர். கனவில் அரங்கின் நடுவே நடந்து போய்த் திரைக்குள்ளேயே ஏறிவிடுகிறார். அவர் நின்ற இடத்திலேயே நிற்க, சுற்றியிருக்கும் காட்சி மட்டும் தோட்டம், தெரு, மலை முகடு, சிங்கக் கூட்டம், கடல், பனி என்று வெட்டி வெட்டி மாறுகிறது. பெஞ்சில் உட்காரப் போனால் பெஞ்ச் இல்லை, கடலில் குதித்தால் பனிக்குவியல். ஒவ்வொரு இடத்திலும் நில அளவைக் கருவி வைத்துத் தூரம் அளந்து அவரை நிறுத்தினார்கள். முழுநீளப் படம் வேண்டும் என்றால் மூன்றாவது தடவை 'சேஃப்டி லாஸ்ட்'. 'சிட்டி லைட்ஸ்' பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தபிறகு.

போர்வையை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். 'ஷெர்லாக் ஜூனியர்' போட்ட அன்றைக்கு எங்கள் மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் தானும் திரைக்குள் போய்ப் பார்க்கிறேன் என்று ஓடி, கொடிக்கயிறு, போர்வை, அடுத்த வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வேட்டி எல்லாவற்றோடும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தான். அடி ஒன்றும் இல்லை. எழுந்து நின்று, முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டான்.